மாசி நோன்புக்கு ஆவணியில் மருந்துச் சீட்டு: டர்பன் மாணவர் தலைமை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ரமலான் பிறை பிப்ரவரியில் தெரியும் என்றால், சர்க்கரை நோயாளி அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட ரமலான் வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்த ஆறு எட்டு வாரம் எங்கே போய் விழுகிறது என்று எண்ணினால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல்கலைக்கழகம் பூட்டிக் கிடக்கும். கிளினிக்கில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். மாத்திரை வாங்குகிறவர்களுக்கு டிசம்பரில் இரண்டு மாதத்துக்கானதைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மருத்துவக் கல்லூரியின் முஸ்லிம் மாணவர் சங்கத்துக்குத் தலைமை ஏற்கிறவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும் முதலில் முட்டிக்கொள்வது இந்த நாள்காட்டியில்தான்.

இங்கே ‘தலைவர்’ என்று குறிப்பிடுவது ஒரு தனி ஆளை அல்ல. டர்பன் மருத்துவ, சுகாதார அறிவியல் வளாகங்களில் இந்தப் பொறுப்பு எப்படி நடக்கிறது, எங்கே தடுக்குகிறது என்பதை ஒருவர் ஓராண்டில் செய்யும் வேலையாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். நோயாளி எடுத்துக்காட்டுகளும் அப்படியே. சட்டம், மருந்தளவு, ஊர், ஆண்டு எல்லாம் உள்ளபடி.

வேர்

டர்பன் மருத்துவக் கல்லூரி 1951இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வெள்ளையரல்லாதவர் மருத்துவம் படிக்கத் தனியாகத் திறந்த இடம் அது. கறுப்பின விடுதலைப் போராளி ஸ்டீவ் பீகோ அங்கே மாணவராக இருந்தபோதுதான் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு உருவாயிற்று. சமூக மருத்துவமனை கட்டுவதும் மாணவர் அரசியலின் பகுதிதான் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது. முஸ்லிம் இளைஞர் இயக்கம் 1970இல் டர்பனில் தொடங்கியது. முஸ்லிம் மாணவர் சங்கம் 1974இல். ஏழைகளின் மருத்துவர் என்று ஜோகன்னஸ்பர்க் பக்கம் கொண்டாடப்பட்ட அபூபக்கர் அஸ்வாத் 1989 ஜனவரியில் சொவெட்டோவில் தன் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று பொறுப்புக்கு வருகிறவர் இந்த வரிசையில் நிற்பதாகப் பேசுவது இயல்பு. வேலையின் தன்மை மட்டும் மாறிவிட்டது: அன்று எதிரி கண்ணுக்குத் தெரிந்தது, இன்று மருந்துப் பெட்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கிறது.

நோயின் கனமும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை வைத்துப் பார்த்தபோது இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் 30 விழுக்காட்டைத் தொட்டது. வேறெந்தப் பிரிவிலும் இவ்வளவு இல்லை. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இந்த வியாதியை ‘சுகர்’ என்றே சொல்கிறார்கள். டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எந்தக் கிளினிக் வரிசையிலும் மூன்றாவது ஆளைக் கேட்டால் சுகருக்கான ஃபோல்டர், அதாவது கிளினிக் கோப்புதான் கையில்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

புதிதாக வரும் தலைவர் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் வீணாகிறது. ‘எங்கள் சமய உணர்வை மதியுங்கள்’ என்று முடியும் கடிதத்துக்கு ‘நிச்சயமாக மதிக்கிறோம்’ என்று பதில் வரும், அதோடு சரி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சிஸ்டர் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது அந்தக் கடிதத்தில் இருக்காது.

சட்ட அடிப்படை உறுதியாகவே இருக்கிறது. அதைக் கொடுத்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தி. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி, சீருடை விதியைக் காட்டி மாணவி ஒருத்தியின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிற்று. 2007 அக்டோபரில் வந்த பிள்ளை வழக்குத் தீர்ப்பு, விதி எல்லோருக்கும் ஒன்று என்பது மட்டும் போதாது, நியாயமான இடங்கொடுப்பும் வேண்டும் என்றது. அந்த வழக்கம் கட்டாயக் கடமையா, விரும்பிச் செய்வதா என்று பார்த்துத் தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. இன்று முஸ்லிம் மாணவி முக்காட்டுக்காகவோ வெள்ளிக்கிழமைத் தேர்வு நேரத்துக்காகவோ எழுதும் விண்ணப்பம் இந்த மூக்குத்தியின் மேல்தான் நிற்கிறது. ராணுவத்தில் முக்காடு அணிந்ததற்காக மேஜர் ஃபாத்திமா ஐசக்ஸ் மீது போட்ட குற்றச்சாட்டு 2020இல் கைவிடப்பட்டு, 2021இல் உடை விதியே திருத்தப்பட்டதற்கும் இதே எண்ணப்போக்குதான் காரணம்.

தீர்ப்பைக் காட்டுவதோடு நிறுத்தினால் அறுவை அரங்கில் ஒன்றும் நடக்காது. அங்கே எதிரே நிற்பது தொற்றுத் தடுப்புப் பிரிவு. அவர்கள் கேட்பது இரண்டு கேள்வி: வெளியே அணிந்த துணி உள்ளே வருகிறதா, முழங்கைக்குக் கீழே கை கழுவப்படுகிறதா. ஆகவே விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது இதுதான்: வெளி முக்காட்டைக் கழற்றிவிட்டு, தலையும் கழுத்தும் மூடும் எலும்பு அறுவை அரங்கின் ஹூட் அணிவது, அது இல்லாவிட்டால் மருத்துவமனைச் சலவையில் துவைத்து அரங்குக்குள் மட்டும் வைத்திருக்கும் துணி. வார்டில் நோயாளிக்கு நோயாளி மாற்றித் தூக்கியெறியும் முன்கை உறை. கழுவும் தொட்டிப் பக்கம் ஒரு திரை. கழுவி முடித்ததும் கிருமி நீக்கிய அங்கி கையை மூடிவிடுகிறது, எனவே கை தெரிவது சில நிமிடம்தான். ஹூட் எந்த அலமாரியில் இருக்கிறது, தீர்ந்தால் யார் வரவழைப்பது என்பது வரை எழுதினால் அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து விழும்.

தேர்வு விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. நேர அட்டவணை வரைவாக இருக்கும்போதே எழுத வேண்டும். இறுதியான பிறகு எழுதினால் தனித் தேர்வு, தனி அறை, தனிக் கண்காணிப்பாளர் என்று செலவுக் கணக்கு ஆகிவிடுகிறது.

மாத்திரைப் பெட்டியைத் திறந்தால்

நோன்பு, சுகர் பற்றிப் பதின்மூன்று நாடுகளில் 12,243 பேரிடம் 2001இல் எடுத்த எப்பிடியர் ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் குறைந்தது பதினைந்து நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. ‘பிடிக்காதீர்கள்’ என்று மருத்துவர் ஒற்றை வரியில் சொல்லி அனுப்பியவர்களும் பிடித்துவிட்டு, மருந்தைத் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான் ஆபத்து.

அரசுக் கிளினிக்கில் கிடைக்கும் மருந்துகள் சிலவே: மெட்ஃபார்மின், கிளிமெப்பிரைடு, இடைநிலை இன்சுலின், 30/70 கலவை இன்சுலின். ஆகவே நோயாளிக்குக் கொடுக்கும் நோன்பு மருந்து அட்டை ஒரு பக்கத்தில் அடங்கும். மெட்ஃபார்மின் ஒருவேளை என்றால் நோன்பு திறக்கும்போது. இருவேளை என்றால் சஹரிலும் (நோன்புக்கு முன் விடியற்காலை உணவு) இஃப்தாரிலும் (நோன்பு திறக்கும் உணவு), அளவு மாறாது. மூன்று வேளை 850 மில்லிகிராம் போடுகிறவர் சஹரில் 850, மதியத்துக்கும் இரவுக்கும் உரியதைச் சேர்த்து இஃப்தாரில் 1,700. கிளிமெப்பிரைடு காலையிலிருந்து இஃப்தாருக்குப் போகும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவருக்கு அளவைக் குறைக்கலாம். ஒருவேளை போடும் இடைநிலை இன்சுலின் இஃப்தாரில், 15 முதல் 30 விழுக்காடு குறைத்து.

கலவை இன்சுலினில்தான் ஆள் விழுவது. காலையில் 30 அலகு, இரவில் 20 அலகு போடும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். லேபிளில் ‘காலை 30’ என்று இருக்கிறது. சஹர் என்பது விடியற்காலைதானே என்று நான்கு மணிக்கு 30 அலகைப் போட்டுக்கொள்கிறார். பிப்ரவரி வெக்கையில் பதினான்கு மணி நேரம் பட்டினி. பிற்பகல் மூன்று மணி வாக்கில் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். நோன்புக் களைப்பு என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். சரியானது தலைகீழ்: பெரிய அளவான 30 இஃப்தாருக்குப் போக வேண்டும்; இரவுக்குரிய 20இல் கால்பங்கு முதல் பாதி வரை குறைத்து 10 முதல் 15 அலகு சஹருக்கு. ‘காலை’, ‘இரவு’ என்ற சொற்களையே அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, ‘சாப்பிட்டபின் பட்டினி’, ‘பட்டினிக்குப்பின் சாப்பாடு’ என்று இரண்டு படம் போட்டால் இந்தத் தவறு குறைகிறது.

இன்னொரு சிக்கல் புதிது. 2024இல் அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனா வருவது நின்றுபோய், பலர் மறுபடி குப்பிக்கும் ஊசிக்கும் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு மில்லி ஊசியில் ஒரு கோடு இரண்டு அலகு. அரை மில்லி ஊசியில் ஒரு கோடு ஓர் அலகு. அதிகாலை மங்கல் வெளிச்சத்தில், கண்புரை உள்ளவர் கையில், 12 அலகு என்பது சுலபமாக 24 ஆகிவிடும். தன்னார்வலர் எண்ணைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், நோயாளியின் சொந்த ஊசியையே கையில் வாங்கி, எந்தக் கோடு வரை என்று மை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் எந்த அளவையும் தாங்களாக மாற்றக் கூடாது. இது சட்டப் பயம் மட்டுமல்ல. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் மிக அதிகம், அவர்களில் பெரும்பாலோர் போடும் தினசரி மாத்திரையில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. அது மெட்ஃபார்மினை உடம்பில் தேங்க வைக்கும். அப்படிப்பட்டவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மினைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன ‘சேர்த்துப் போடு’ விதியைப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால், கூட்டத்தில் மௌனமாக நிற்கும் ஒருவருக்கு அது தவறான அறிவுரை ஆகிவிடும். ‘நீங்கள் வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்’ என்று அங்கேயே கேட்கவும் முடியாது. கேட்டால் அடுத்த ஆண்டு அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். ஆகவே பள்ளிவாசலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ‘ஃபோல்டரை எடுத்துக்கொண்டு இன்ன தேதிக்குள் கிளினிக் போங்கள்.’ மற்றதெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால்.

எப்போது நோன்பை முறிக்க வேண்டும் என்பதற்கு எண் இருக்கிறது: இரத்தச் சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே, அல்லது 16.6க்கு மேலே. தமிழ்நாட்டு மில்லிகிராம் கணக்கில் 70, 300. உடம்பு சரியில்லை என்றாலும் முறிக்க வேண்டியதுதான், எண் எதுவாக இருந்தாலும். விரலில் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது. இதை மருத்துவர் பத்து முறை சொன்னாலும் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒரு முறை சொல்வதற்கு ஈடாகாது. பரிசோதனைப் பட்டை கிளினிக்கில் அளந்துதான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் இன்சுலின் போடுகிறவர்களுக்கே. ஒரு நாளைக்கு இரண்டே பட்டை என்றால், ஒன்று பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு, மற்றது நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து. முன்னது தாழ்வைப் பிடிக்கும், பின்னது ஃபலூடாவைக் காட்டிக் கொடுக்கும்.

ஃபலூடாவைச் சொன்னபின் சாப்பாட்டையும் சொல்லிவிடலாம். டர்பன் இஃப்தார் என்றால் ஹலீம், சமோசா, மாவுக்குள் இறைச்சி பொதித்துச் சுட்ட ‘பை’, ரோஸ் நிறத்தில் ஃபலூடா மில்க் ஷேக். தமிழ்நாட்டு நோன்புக் கஞ்சியைத் தேடினால் அது இங்கே அபூர்வம். ‘இனிப்பைக் குறையுங்கள்’ என்று நோட்டீஸ் அடிப்பதால் பயனில்லை. ஹலீமில் பருப்பும் இறைச்சியும் இருப்பதால் அதை முதலில் குடித்து, பேரீச்சை ஒன்றோடு நிறுத்தி, மில்க் ஷேக்கைத் தண்ணீராக மாற்றினாலே இரவு எண் இறங்கும். இதைச் சமைப்பவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடுபவரிடம் சொன்னால் தலையாட்டிவிட்டுக் குடித்துவிடுவார்.

யார் பிடிக்கலாம், யார் வேண்டாம் என்பதற்கு முதலில் சொன்ன ரமலான் வழிகாட்டியில் மதிப்பெண் முறை உண்டு. எத்தனை ஆண்டாக நோய், சர்க்கரைத் தாழ்வு வந்ததா, சிறுநீரகம் எப்படி, உடலுழைப்பு என்ன, வயதானவர் என்றால் வீட்டில் துணை உண்டா என்றெல்லாம் கூட்டி, 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6க்கு மேல் அதிகம். ஆறுக்கு மேல் வந்தவரிடம் மருத்துவ மாணவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதைவிட, குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தரும் விலக்கை எடுத்துச் சொல்லி, ஃபித்யாவாக ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கும் வழியைக் காட்டி, அந்த உணவு போய்ச் சேரும் இடத்தையும் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஆலிம் அருகில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது. முதியவர்களுக்கு விலக்கு என்பது தண்டனை போலத் தோன்றும். ‘அறுபது வருஷமா ஒரு நோன்பு விட்டதில்ல’ என்பார்கள். அதற்கு எண்ணால் பதில் சொல்ல முடியாது.

‘முஸ்லிம் நோயாளி’யா, ‘பட்டினி இருக்கும் நோயாளி’யா

இந்த வேலையில் உள்ளுக்குள் கசப்பான சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான். எங்கள் தீர்ப்பும் இதில் உண்டு.

கிளினிக்கில் முஸ்லிம் நோயாளிகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சங்கத்தில் பலரின் ஆசை. எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே உரிமை கேட்கலாம் என்பது வாதம். ஆனால் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருப்பது, சமய நம்பிக்கையையும் உடல்நிலையையும் ‘சிறப்புத் தகவல்’ என்று வகுத்திருக்கிறது. ‘முஸ்லிம், சுகர்’ என்று ஒரே வரியில் எழுதும் பதிவேடு இரண்டு பூட்டையும் ஒரே நேரத்தில் உடைக்கிறது. அதை மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் வைத்திருப்பது இன்னும் மோசம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எடுத்த அந்த எண்களைப் பின்னர் எந்த ஆய்விலும் பயன்படுத்தவும் முடியாது.

சமயத்தைக் கேட்காமல் ‘வரும் மாதங்களில் நோன்போ விரதமோ இருக்கப் போகிறீர்களா’ என்று ஒரு கேள்வி வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தளர்கிறது; பதில் அந்த ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கேள்வியும் உண்மைக்கு நெருக்கமாகிறது: எல்லா முஸ்லிமும் நோன்பு பிடிப்பதில்லை, நோன்பு இருக்கிறவர் எல்லாம் முஸ்லிமும் அல்ல. டர்பன் தமிழர் வீடுகளில் புரட்டாசி வந்துவிட்டால் சமையலறையே மாறிவிடும். தைப்பூசக் காவடிக்கு விரதம், ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மனுக்கு விரதம். காலையில் கிளிமெப்பிரைடைப் போட்டுக்கொண்டு மதியம் வரை கோயிலில் நிற்கும் அம்மாவுக்கும் அதே மயக்கம்தான் வரும். அவரை யாரும் கேட்டதே இல்லை. ரமலானுக்குக் கிடைத்த அட்டை புரட்டாசிக்குக் கிடைக்கவில்லை.

அட்டை ஒன்றாக இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விரதத்தில் தண்ணீர் உண்டு, பால் பழம் உண்டு, நேரமும் வேறு. ரமலான் அட்டையை அப்படியே மஞ்சள் தாளில் அச்சடித்துக் கோயிலில் கொடுத்தால் குழப்பம்தான். ஒன்றாக இருக்க வேண்டியது கேள்வியும் ஃபோல்டர் பக்கமும் மட்டுமே.

இதில் முஸ்லிம் அடையாளம் கரைந்துபோகிறது என்று சங்கத்துக்குள் எதிர்ப்பு வரும். அந்தப் பயம் பொய்யல்ல: பொதுப் பெயரில் தொடங்கிய எத்தனையோ திட்டம் பிறகு யாருடையதும் இல்லாமல் போயிருக்கிறது. ஆனால் கிளினிக் மேலாளரின் மேசையிலிருந்து பாருங்கள். ஒரு சமயத்துக்கு என்று கேட்டால் அவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும். பட்டினி இருக்கும் சுகர் நோயாளிக்கு என்று கேட்டால் அது அவருடைய அன்றாட வேலை. மூக்குத்தி வழக்கில் கிடைத்ததை முக்காட்டுக்கு வாங்கிக்கொண்டவர்கள் நோன்பில் கற்றதைப் புரட்டாசிக்குக் கொடுப்பதில் இழப்பு எங்கே? பழைய மொஹரம் ஊர்வலங்களில் இந்துக்களும் சேர்ந்து நடந்த ஊர் இது. புரூக் தெருவில் பாத்ஷா பீர் தர்காவுக்கு இன்றும் தமிழ் இந்துக்கள் போகிறார்கள்.

அறிவிப்பு போய்ச் சேராத வீடுகள்

வெள்ளிக்கிழமைக் குத்பா உரைக்குப் பிறகு அறிவித்தால் போதும் என்று நினைப்பது இரண்டாவது பொதுத் தவறு. குவாசுலு-நட்டாலில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடமே இல்லை. அறிவிப்பைக் கேட்பவர்கள் ஆண்கள். மாத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெண்கள். பெண்களை எட்டும் வழிகள் வேறு: மதரஸாப் பிள்ளைகளின் தாய்மார் வாட்ஸ்அப் குழு, வீட்டில் மார்க்கம் படிக்கும் தஅலீம் வட்டம், ரேடியோ அல்-அன்சார், பொதுவாக இந்தியர்களுக்கு லோட்டஸ் எஃப்எம். பள்ளிவாசல்களுக்கு உள்ளேயும் தேவ்பந்தி, பரேல்வி என்று இரண்டு தரப்பு. ஒரு தரப்பின் முத்திரை மட்டும் உள்ள நோட்டீஸ் மறு தரப்பின் சுவரில் ஏறாது. முத்திரையே இல்லாமல் கிளினிக்கின் பெயரில் அச்சடிப்பது நல்லது. இரண்டு ஆலிம்கள் தனித்தனியாகத் தங்கள் வாயால் சொல்லட்டும்.

தமிழில் நோட்டீஸ் அடிப்பது பற்றி. ஆர்வத்தில் ஆயிரம் பிரதி அடித்துவிடுவார்கள். டர்பனில் தமிழ் பேசத் தெரிந்த முதியவர்களிலேயே பலருக்கு எழுத்து தெரியாது. பேரப் பிள்ளைகளுக்குப் பேச்சும் தெரியாது. எழுத்துக்குப் பதில் குரல் வேண்டும். நாற்பது வினாடி ஒலிப்பதிவு, பேத்தியின் ஃபோனில் வந்து ஆயாவின் காதில் சேர்வது: ‘ஆயா, நோம்பு வரதுக்கு முன்ன உங்க மாத்திரைப் பெட்டி, ஊசி, ஃபோல்டர் மூணையும் எடுத்துக்கிட்டு கிளினிக் போங்க. அளவ நீங்களா மாத்தாதீங்க.’ இவ்வளவுதான். நாற்பது வினாடிக்கு மேல் போனால் பேத்தி அனுப்ப மாட்டாள்.

சாட்ஸ்வர்த்திலேயே இன்னொரு முஸ்லிம் சமூகம் இருக்கிறது. இந்தியப் பள்ளிவாசல் குழுக்கள் அடிக்கடி மறந்துவிடுவது. 1873 முதல் விடுவிக்கப்பட்ட அடிமைகளாக டர்பனுக்குக் கொண்டுவரப்பட்ட, மொசாம்பிக் பக்கத்து மக்குவா மக்களின் வழித்தோன்றல்கள். ஊரில் சான்சிபாரிகள் என்பார்கள். பிளஃப் பகுதியின் கிங்ஸ் ரெஸ்டிலிருந்து, இன வகைப்பாட்டில் ‘பிற ஆசியர்’ என்று முத்திரை குத்தி, 1960களில் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தார்கள். இவர்களையும், சுலு பேசும் புது முஸ்லிம்களையும், மலாவியிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்களையும் எட்ட ஆங்கிலம், உருது, தமிழ் மூன்றும் போதாது. சுலு ஒலிப்பதிவு இரண்டாவதாக அல்ல, முதலாவதாகவே தயாராக வேண்டும்.

கிளினிக் வாசல்

2025இல் டர்பன் அட்டிங்டன் மருத்துவமனை உட்படப் பல இடங்களில் குழுக்கள் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்டு வெளிநாட்டவரைத் திருப்பியனுப்பின. சாசனத்தின் 27ஆம் பிரிவு ‘எவருக்கும்’ என்றுதான் சொல்கிறது. அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தனி உட்பிரிவே உண்டு. மாணவர் தலைவரின் உண்மையான சோதனை இங்கேதான் வருகிறது. நோன்பு திறக்க ஹலீம் அண்டா வைக்கச் சொன்னால் பணம் குவியும். அதே ஹலீம் வாங்க வரும் மலாவிக்காரரை வாசலில் தடுக்கிறார்கள் என்றால், ‘அது அரசியல், நமக்கெதற்கு’ என்பார்கள்.

இந்த நேரத்தில் மாணவர் செய்யக்கூடியது குறுகியது, ஆனால் திட்டவட்டமானது. கூட்டத்தோடு வாக்குவாதம் வேண்டாம். வெள்ளை அங்கி அணிந்த இருபது வயதுக்காரர் அடிபட்டால் யாருக்கும் பயனில்லை. திருப்பப்பட்டவரின் மருந்து எத்தனை நாளுக்கு மிச்சம் என்று கேட்டு, இன்சுலின் என்றால் அன்றே வேறு இடத்துக்கு அழைத்துப் போவது. நாள், நேரம், வாசல், சொல்லப்பட்ட காரணம் நான்கையும் அவர் அனுமதியோடு எழுதி, மருத்துவமனை நிர்வாகிக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்புவது. பெயரில்லாத பத்துக் குறிப்பு, உணர்ச்சி பொங்கும் ஓர் அறிக்கையைவிடக் கனமானது.

மருந்து கையிருப்பின் அருமை டர்பனுக்குத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்தகங்கள் சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரல் 11, 12இல் வெள்ளம் வந்தபோது ரமலான் நடந்துகொண்டிருந்தது. டொங்காட்டில் மாதக் கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. நோன்பு மாதம் தொடங்கும்போது இரண்டு வார மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும் என்று கேட்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எதை எண்ணுவது

இஃப்தாருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணிப் படம் போடுவது சங்க அறிக்கைகளின் வழக்கம். அதைவிட நான்கு எண் போதும்: நோன்புப் பக்கம் நிரப்பிய ஃபோல்டர் எத்தனை, முதல் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும் தொலைபேசியில் கேட்டபோது தாழ்வு வந்தவர் எத்தனை, விலக்கு எடுத்துக்கொண்டவர் எத்தனை, இவர்களில் பெண்கள் எத்தனை. ஒருவரோடு பேச இருபது நிமிடம் ஆகும். காலை ஏழு முதல் பதினொன்று வரை வரிசை இருக்கும் நேரத்தில், குறுக்கீடு போக, ஒரு தன்னார்வலர் எட்டுப் பேரைப் பார்த்தால் நிறைவு. இரண்டு பேர், வாரம் ஒரு நாள், பத்து வாரம் என்றால் 160. ஐநூறு பேரைப் பார்ப்போம் என்று நிதி கேட்கும் திட்டங்கள் கணக்கிலேயே பொய்யாகத் தொடங்குகின்றன.

இனி மறுபடி நாள்காட்டி. நிலையான நோயாளிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் சீட்டு எழுதி, இடையில் பொட்டலம் மட்டும் வெளி விநியோக இடத்தில் கிடைக்கும். பிப்ரவரி நோன்புக்கு முந்தைய கடைசி மருத்துவர் சந்திப்பு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்திருக்கலாம். நோன்பு அளவுகளை அப்போதே அதே சீட்டில் இரண்டாவது பத்தியாக எழுதிவிட வேண்டும். பல வளாகங்களில் சங்கத் தேர்தலும் அந்த மாதங்களில்தான்: பழைய தலைவர் சாவியைக் கொடுத்துவிட்டார், புதியவர் இன்னும் வாங்கவில்லை. எனவே ஒப்படைப்புக் கோப்பின் முதல் தாளில் வாழ்த்தோ கொள்கையோ வேண்டாம். கிளினிக் மேலாளரின் எண், ஹூட் இருக்கும் அலமாரி, சுலு ஒலிப்பதிவு இருக்கும் கோப்புறை, ‘ஆகஸ்ட் முதல் திங்கள்: சீட்டு’ என்ற ஒரு வரி.

தெற்கில் ரமலான் கோடையை நோக்கி நகர்கிறது. 2016இல் ஜூன் குளிரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்த நோன்பு, பத்தாண்டில் பதினான்கு மணியாயிற்று. டிசம்பரை எட்டும்போது பதினைந்தரையை ஒட்டும். சென்னையில் அதே ஆண்டுகளில் நோன்பு குறுகிக்கொண்டு வருவதால், அங்கிருந்து வரும் அட்டைகளை இங்கே அப்படியே படியெடுக்கக் கூடாது. 2030இல் ரமலான் இரண்டு முறை தொடங்குகிறது: ஜனவரியின் முதல் வாரத்தில் ஒரு தடவை, டிசம்பர் கடைசியில் மறு தடவை. இரண்டாவதற்கான சீட்டு அந்த ஆண்டு ஜூலையிலேயே எழுதியாக வேண்டும். அதை நினைவில் வைத்து மேலாளருக்கு ஃபோன் போட வேண்டியவர் இன்னும் பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கிறார்.